"டைம்பாஸ்" என்ற ஒரு வார்த்தை
(இந்த மாதக் குழுக்கூட்டப் பாடம்)



சேமிப்பு, உள்கடன், வட்டி எல்லாம் பேசி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்தும் போட்டாச்சு. பாயைச் சுருட்டும் நேரத்தில்தான் சில அக்காமார்கள் கிட்ட வந்து மெதுவா கேக்கறாங்க. "மேடம், பொண்ணு போன்ல பேசிக்கிட்டே இருக்கா. கேட்டா 'சும்மா டைம்பாஸ்ம்மா, லவ்வெல்லாம் இல்ல'ன்னு சொல்றா. அப்படின்னா இன்னா அர்த்தம்?" ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கேள்வி வருது. சில நேரம் கேக்கறவங்களுக்கே போனில் ஒரு "டைம்பாஸ்" இருக்கும். அதை மகள் பேரில் கேட்பாங்க. அதுவும் பரவாயில்லை. கேள்வி வந்ததே நல்லது.

இந்தப் பாடம் யாரையும் குறை சொல்வதற்கு இல்லை. கணக்கு நோட்டை எப்படித் திறந்து பார்த்துப் பேசுகிறோமோ, அதேபோல் இந்த விஷயத்தையும் திறந்து வைத்துப் பேசுவோம்.

புது வார்த்தைகளைத் தெரிந்துகொள்வோம்

கடலை போடுவது: ரொம்ப நேரம், விஷயமே இல்லாமல், இனிக்க இனிக்கப் பேசுவது. ரயிலில் "டைம்பாஸ் கடலை" என்று விற்றுக்கொண்டு வருவார்களே, ஏறத்தாழ அதே பொருள்தான். நம் பக்கத்து மானாவாரி நிலத்தில் கடலை போட்டால் மூன்று நாலு மாதத்தில் மூட்டையாவது மிஞ்சும். போனில் போடும் கடலையில் என்ன மிஞ்சும் என்பதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

மிஸ்டு கால் பழக்கம்: உள்ளே வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்று 2003-ல் ஆனது. ஆனால் கூப்பிடுகிறவருக்குச் செலவு இருந்தது. அதனால் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணும் பழக்கம் வந்தது. தவறிப் போய் வந்த மிஸ்டு காலில் தொடங்கிய பழக்கங்கள் பல. 2016-க்குப் பிறகு நெட் விலை குறைந்ததும் அது வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் என்று மாறியது.

கிரஷ்: மனசுக்குள் ஒருத்தரைப் பிடித்திருப்பது. பெரும்பாலும் சொல்லாமலே போய்விடும்.

பெஸ்டி: "நண்பன்தான்" என்று சொல்வது. பல இடத்தில் உண்மையான நட்பாகவே இருக்கும். சில இடத்தில் வேறொன்றுக்கு மேல் போட்ட போர்வையாக இருக்கும்.

சிச்சுவேஷன்ஷிப்: காதலும் இல்லை, நட்பும் இல்லை, பேரே வைக்காத உறவு. நாளைக்கு என்ன என்று யாரும் கேட்கக் கூடாது. 2023-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் அந்த ஆண்டின் சொல்லுக்காகக் கடைசிச் சுற்றில் வைத்த நான்கு சொற்களில் இதுவும் ஒன்று. அதனால் இது நம் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் சொல்கிற வார்த்தை என்று நினைக்க வேண்டாம்.

ரீபவுண்ட்: ஒரு உறவு உடைந்த வலி தீரும் முன்னே, அந்த வலியை மறக்க இன்னொருவரைப் பிடித்துக்கொள்வது.

கோஸ்டிங்: ஒரு நாள் திடீரென்று பதில் இல்லை, போன் எடுப்பதில்லை, நம்பரை பிளாக் பண்ணிவிட்டுப் போய்விடுவது. பேய் மாதிரி மறைவதால் இந்தப் பேர்.

இந்த வார்த்தைகள் எல்லாவற்றிலும் ஒரு பொது விஷயம் இருக்கிறது. எல்லாமே உறவை லேசாக்கிக் காட்டுகின்றன. "இது பெரிய விஷயம் இல்லை, மனசைப் போட்டுக்கொள்ளாதே" என்று முன்கூட்டியே சொல்லி வைக்கின்றன. ஆனால் மனசு அந்த வார்த்தையைக் கேட்டு நடப்பதில்லை.

இந்தத் தேவை எங்கிருந்து வருகிறது?

நம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் போகும் பெண்களின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். விடியற்காலையில் எழுந்து சமையல், தண்ணீர், பிள்ளைகள். பிறகு கம்பெனி பஸ். நாள் முழுக்க மெஷினில் அப்பர் தைப்பது, பேஸ்டிங், கட்டிங். லைன் ஓடும்போது பக்கத்தில் இருக்கிறவளிடம் பேச முடியாது. டார்கெட் முடியவில்லை என்றால் சூப்பர்வைசர் சத்தம். வீட்டுக்கு வந்தால் மறுபடி அடுப்பு. வீட்டிலேயே அப்பர் வாங்கிக் கையால் தைக்கும் அக்காமாருக்கும் இதே கதைதான். அவங்களுக்குப் பேச ஆளே கிடையாது.

இப்போது ஒரு பெண்ணை மனசில் நினைத்துக்கொள்வோம். வயது 34. வீட்டுக்காரர் குடி. இரண்டு பிள்ளைகள். வாரக் கடன் ஒரு பக்கம், குழுக் கடன் ஒரு பக்கம். "சாப்பிட்டியா?" என்று இவளைக் கேட்டு வருஷக்கணக்கு ஆகிறது. ஒரு நாள் வேனில் வருகிற ஒருவரோ, போனில் தெரிந்த ஒருவரோ அந்த ஒரு கேள்வியைக் கேட்கிறார். அவ்வளவுதான். "சாப்பிட்டியா?" என்ற ஒரு வார்த்தைக்கு அவள் மனசு அன்று முழுக்க ஓடும்.

அவளைக் கெட்டவள் என்று சொல்வது சுலபம். ஆனால் அவளுக்குப் பசி இருந்தது, அதுதான் உண்மை. வயிற்றுப் பசி மாதிரியே கவனிப்புக்கும் ஒரு பசி உண்டு. 19 வயதுப் பெண்ணுக்கும் உண்டு, கணவனை இழந்த 45 வயது அக்காவுக்கும் உண்டு. அந்தப் பசியை அவமானமாக நினைக்க வேண்டியதில்லை. எதைச் சாப்பிடுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

வலியை மறைப்பதும் வலியைத் தீர்ப்பதும்

பல் வலிக்கு கிராம்பு வைத்துக் கடிக்கிறோம். வலி மரத்துப் போகும். ராத்திரி தூங்கலாம். ஆனால் சொத்தை அப்படியே இருக்கும். கிராம்பு வைப்பது தப்பில்லை. கிராம்பை மட்டுமே நம்பி டாக்டரிடம் போகாமல் இருந்தால் பல்லே போகும்.

டைம்பாஸ் பேச்சும் பல பேருக்கு இந்தக் கிராம்புதான். கணவனின் குடியை, கடன்காரன் வாசலில் நிற்பதை, அம்மா இறந்த துக்கத்தை, உடைந்து போன முதல் காதலை ஒரு மணி நேரம் மறக்க உதவுகிறது. போனை வைத்ததும் எல்லாம் அங்கேயே நிற்கிறது. கூடவே "இன்று அவர் ஏன் சரியாகப் பேசவில்லை?" என்ற புதுக் கவலை ஒன்றும் சேர்கிறது.

அது ஏன் விட முடியாமல் பிடித்துக்கொள்கிறது?

பெரிய அக்காமாருக்கு லாட்டரி நினைவிருக்கும். நம் மாநிலத்தில் 2003-ல் லாட்டரிக்குத் தடை வந்தது. அதற்கு முன்னால் கூலிப்பணம் எவ்வளவு அதில் போனது? தினமும் பரிசு விழுந்திருந்தால் யாரும் அவ்வளவு பைத்தியமாக ஆகியிருக்க மாட்டார்கள். எப்போதாவது ஒரு தடவை 50 ரூபாய், 100 ரூபாய் விழும். அந்த "எப்போதாவது"தான் ஆளை இழுத்தது.

ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் புறாக்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். பொத்தானைக் கொத்தினால் ஒவ்வொரு தடவையும் தானியம் விழுந்தால், தானியம் நின்றதும் புறா சீக்கிரம் கொத்துவதை விட்டுவிடும். எப்போது விழும் என்று தெரியாதபடி விட்டு விட்டு விழுந்தால், தானியம் நின்ற பிறகும் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும்.

பேர் வைக்காத உறவும் இப்படித்தான் வேலை செய்கிறது. இரண்டு நாள் அன்பாகப் பேச்சு, மூன்று நாள் பதிலே இல்லை, மறுபடி ஒரு மெசேஜ். நாம் போனையே பார்த்துக்கொண்டு இருக்கிறோம். ஒருத்தி விட முடியாமல் தவிக்கிறாள் என்றால் அதைப் புத்தியில்லாத்தனம் என்று சொல்லாதீர்கள். விட்டு விட்டுக் கிடைக்கும் எதற்கும் மனசு இப்படித்தான் அடிமையாகும்.

உறவு உடைந்ததும் பழைய வார்த்தை திரும்பி வரும்

"டைம்பாஸ்" என்ற வார்த்தை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகத் தெரியும். உறவு நடக்கும்வரை அது பொதுதான். உடைந்தால் பொது இல்லை. அவன் "சும்மா டைம்பாஸ்தான்" என்று தூசி தட்டிக்கொண்டு போவான். நண்பர்கள் சிரிப்பார்கள், அதோடு முடிந்தது. அவளுக்கு மட்டும் ஊர் பழைய வார்த்தைகளைத் தேடி எடுக்கும். அந்த வார்த்தைகளை நாம் இங்கே எழுத வேண்டாம். எல்லோருக்கும் தெரியும். அவற்றில் எத்தனை ஆணுக்குப் பொருந்தும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆக, வார்த்தை புதுசு, விலை பழசு. அந்த விலையைப் பெண்தான் கொடுக்கிறாள். வேலைக்குப் போவது நிற்கும், படிப்பு நிற்கும், அவசர அவசரமாக ஒரு கல்யாணம் நடக்கும். சில வீட்டில் உயிரே போகும். இதை மாற்ற வேண்டியது நம் எல்லோருடைய வேலை. அதுவரை இந்த விலையைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும்.

மூன்று ஆபத்துகள்

1. படம்: நம்பி அனுப்பிய படம், வீடியோ காலில் அவர் எடுத்து வைத்த படம் நாளைக்கு மிரட்டலாகத் திரும்பலாம். 2019-ல் வெளியே வந்த பொள்ளாச்சி வழக்கை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சமூக வலைதளம் மூலம் நட்பாகப் பழகி, தனி இடத்துக்கு அழைத்துப் போய், வன்கொடுமை செய்து, வீடியோ எடுத்து மிரட்டினார்கள். ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்தார். வழக்கு சி.பி.ஐ. வரை போனது. 2025 மே 13-ல் கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கு சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடும் அறிவித்தது. ஆறு வருஷம் ஆனது. ஆனாலும் அந்தப் பெண்கள் பயந்து வாயை மூடியிருந்தால் இந்தத் தீர்ப்பு வந்திருக்காது.

2. பணம்: "ஒரு அவசரம், ஐயாயிரம் அனுப்பு, அடுத்த வாரம் தரேன்." இங்கேதான் நம் குழுப் பணம் போகிறது. கம்மல் அடகுக்குப் போகிறது. இன்னொரு வகை: வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லிப் பழகி, "உனக்குப் பரிசு அனுப்பினேன், கஸ்டம்ஸில் பிடித்துவிட்டார்கள், வரி கட்டு" என்பார்கள். சுங்கத்துறை தனி ஆளின் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லாது. நேரில் பார்க்காத ஒருவருக்கு ஒரு ரூபாயும் வேண்டாம்.

3. வேலை இடம்: மேலே இருக்கிறவர் "ஃபிரெண்ட்லியா" பழகுகிறார், மறுத்தால் கஷ்டமான மெஷினில் போடுகிறார், லீவு தர மறுக்கிறார் என்றால் அதற்கு டைம்பாஸ் என்று பேர் இல்லை. அது பாலியல் துன்புறுத்தல். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான சின்ன யூனிட் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் கொடுக்கலாம்.

சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்வோம்

* 18 வயது ஆகாத பெண்ணோடு உடல் உறவு கொள்வது, அவள் சம்மதித்தாலும், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். பையன்களைப் பெற்ற அம்மாக்களும் இதைத் தங்கள் மகனிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

* கல்யாணம் பண்ணும் எண்ணமே இல்லாமல், பண்ணிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்து உடல் உறவு கொள்வது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆவது பிரிவின்படி குற்றம். 10 ஆண்டு வரை சிறை. ஆனால் இரண்டு பேரும் "கல்யாணப் பேச்சே இல்லை" என்று தெரிந்து பழகியிருந்தால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. அதனால் பேர் வைக்காத உறவில் வாக்கு எது, விளையாட்டு எது என்று ஆரம்பத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மெசேஜ்களை அழிக்க வேண்டாம், அவைதான் சாட்சி.

* ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் எடுப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை. படத்தை நீங்களே அனுப்பியிருந்தாலும், அவர் அதைப் பரப்புவது குற்றம்தான்.

* கல்யாணமான பெண் வேறொருவரோடு பழகினால் "போலீஸ் உன்னை உள்ளே தள்ளும்" என்று மிரட்டுகிறவர்கள் உண்டு. திருமணத்துக்கு வெளியே உள்ள உறவைக் குற்றமாக்கிய 497-ஆவது பிரிவை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஜெயில் இல்லை. ஆனால் விவாகரத்துக்கு அது காரணமாகலாம், ஜீவனாம்சத்திலும் சிக்கல் வரலாம். இரண்டையும் தெரிந்து வைத்திருங்கள்.

நம்மை நாமே கேட்டுக்கொள்ள ஐந்து கேள்விகள்

1. இவரோடு பேசிய பிறகு என் மனசு லேசாகிறதா, பாரமாகிறதா?
2. எந்தக் கஷ்டத்தை மறக்க நான் போனை எடுக்கிறேன்? அதைப் பற்றி யாரிடமாவது பேசியிருக்கிறேனா?
3. நான் "வேண்டாம்" என்று சொன்னால் இவர் கேட்கிறாரா?
4. பணம், படம், ரகசியம், இந்த மூன்றில் எதையாவது கேட்கிறாரா?
5. இவர் நாளை முதல் பேசவில்லை என்றால் என் நாள் ஓடுமா?

இதற்கு யாரும் மார்க் போட வேண்டாம். பதிலை உங்களுக்குள் சொல்லிக்கொண்டால் போதும். பேச்சு லேசாக இருந்து, மரியாதை இருந்து, பணமோ பயமோ இல்லை என்றால் அது ஒரு நட்பாக இருக்கலாம். எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

மகளிடம் எப்படிப் பேசுவது?

போனைப் பிடுங்கினால் அவள் தோழியின் போனில் பேசுவாள். அடித்தால் பொய் சொல்வாள். கம்பெனிக்கு அனுப்பாமல் நிறுத்தினால் சம்பளமும் போகும், உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கையும் போகும்.

அதற்குப் பதிலாக, பூ கட்டும்போதோ, அரிசி பொறுக்கும்போதோ பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "உன் செட்டுல சிச்சுவேஷன்ஷிப்னு சொல்றீங்களே, அது இன்னா?" என்று கேட்டால் அவள் முதலில் சிரிப்பாள். பிறகு சொல்வாள். பாதியில் புத்தி சொல்ல ஆரம்பிக்காதீர்கள். கடைசியில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: "எந்தச் சிக்கல் வந்தாலும் முதல்ல என்கிட்ட வா. நான் அடிக்க மாட்டேன்." அந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். மிரட்டுகிறவனுக்குப் பெரிய ஆயுதம் "உங்க அம்மாகிட்ட சொல்லிடுவேன்" என்பதுதான். அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் அவன் கையில் ஒன்றும் இல்லை.

குழு என்ன செய்யலாம்?

* ஒரு உறுப்பினரின் சொந்த விஷயம் குழுவில் பேசப்பட்டால் அது தீர்மான நோட்டில் ஏறக் கூடாது, தெருக்குழாய்க்கும் போகக் கூடாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் பேரையோ அடையாளத்தையோ வெளியிடுவதே சட்டப்படி குற்றம்.

* யாரைப் பற்றியாவது ஊர் பேசுகிறது என்பதற்காகக் கடனை மறுக்கக் கூடாது. சேமிப்பும், தவணையும், வருகையும்தான் நமக்குக் கணக்கு.

* ஒரு உறுப்பினர் திடீரென்று அடிக்கடி அவசரக் கடன் கேட்டால், காரணத்தைக் கூட்டத்தில் வைத்து விசாரிக்காமல், ஊக்குநரோ பிரதிநிதியோ தனியாகப் போய் "ஏதாவது கஷ்டமா, யாராவது மிரட்டறாங்களா?" என்று கேளுங்கள்.

* கூட்டம் முடிந்ததும் 15 நிமிஷம் கணக்கு இல்லாத பேச்சுக்கு ஒதுக்குங்கள். "சாப்பிட்டியா?" என்று கேட்க ஒரு ஆள் போதாது. பன்னிரண்டு பேர் இருக்கிறோம். அந்தப் பசி குழுவிலேயே கொஞ்சம் தீர்ந்தால், தெரியாதவரின் மெசேஜுக்கு அவ்வளவு மதிப்பு இருக்காது.

* தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, "செத்தா தேவலாம்" என்று ஒருத்தி சொன்னால், விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியே விடாமல் கூட இருங்கள். அன்றே உதவி தேடுங்கள்.

சுவரில் ஒட்டி வைக்க வேண்டிய எண்கள்

பெண்கள் உதவி: 181
குழந்தைகள் உதவி: 1098
மனநல ஆலோசனை, டெலிமானஸ்: 14416
போன், நெட் மோசடி: 1930
எந்த அவசரத்துக்கும்: 112

பணம் போனது தெரிந்த உடனே, அடுத்த நிமிஷமே 1930-க்குக் கூப்பிட வேண்டும். தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.

கூட்டத்தில் கலந்து பேச

1. நம் ஊரில் ஆணுக்கு ஒரு வார்த்தை, பெண்ணுக்கு ஒரு வார்த்தை என்று இருப்பவை எவை? அவற்றில் எதை நம் குழுவில் இனிமேல் சொல்வதில்லை என்று முடிவு செய்யலாம்?
2. கம்பெனிக்குப் போகும் உறுப்பினர்கள்: உங்கள் யூனிட்டில் உள்ளகப் புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று தெரியுமா? தெரியாவிட்டால் அடுத்த கூட்டத்துக்குள் கேட்டு வந்து சொல்லுங்கள்.
3. மனசு கஷ்டமாக இருக்கும் நாளில் நீங்கள் யாரிடம் பேசுவீர்கள்? ஒருவர் பேரை உங்களுக்குள் நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் நினைவுக்கு வரவில்லை என்றால், இந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் முன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் கையைப் பிடித்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.